ஜனாஸாப் பக்கத்தில் ஒரு கோடு

தோஹா
11 செப்டெம்பர் 2024

தங்கச்சி நப்லாவுக்கு,

ஸலாம். என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் ஈமெயிலில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் உம்மாவுடன் பேசும்போது உன்னைப் பற்றிக் கேட்பேன். "ஈக்கிறாள்" என்பார், இருக்கிறாய் என்று தெரியும், அவ்வளவுதான். நீ பக்கத்தில்தான் நிற்பாய் என்று எனக்குத் தெரியும். ஃபோனை அவர் கையில் கொடுப்பதே நீதானே.

இது சண்டையைப் பற்றிய கடிதம் இல்லை. வேலை விஷயம். கண்டியில் நூருல் ஹிதாயா மன்றம் என்னை ஒரு பொறுப்பு எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறது. அவர்களுடைய இணையத்தளங்களை எல்லாம் ஒன்றாக்கித் தர வேண்டுமாம். நீ பார்த்திருக்கிறாயோ தெரியாது, அது ஒரு பெரிய கூத்து. தலைமைச் சபைக்கு ஒரு தளம், மத்ரஸாவுக்கு ஒன்று, மாதச் சஞ்சிகைக்கு ஒன்று, பெண்கள் பகுதிக்கு ஒன்று, இளைஞர் பிரிவு யாருக்கும் சொல்லாமல் தொடங்கிப் பாதியில் விட்டது இன்னொன்று. போன வருடம் ஒரு தளத்தில் பெருநாள் புதன்கிழமை, மற்றதில் வியாழக்கிழமை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பச்சை நிறம். பாஸ்வேர்ட் யார் யாரிடம் இருக்கிறது என்று செயலாளர் ஸாகிக்கே தெரியவில்லை.

எல்லாவற்றையும் ஒரே பெயரில், ஒரே வாசலில் கொண்டுவரப் போகிறேன். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாப்பா அந்த மன்றத்தின் ஆயுட்கால உறுப்பினர். நான் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. ஜனாஸாவுக்குக்கூட வர முடியவில்லை. விமானமே ஓடாத காலம். இந்த வேலையின் நன்மை அவருக்குச் சேரட்டும் என்ற நிய்யத்தில்தான் எடுத்திருக்கிறேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். ஜனாஸா அறிவித்தல்களுக்கும் ஒரு தளம் இருக்கிறது. பல வருடத்து மௌத்துகள், யார் இறந்தார், எப்போது அடக்கம் என்ற விவரங்களோடு அதில் கிடக்கின்றன. மடவளைப் பகுதி அறிவித்தல்களை மட்டும் நீ ஒருமுறை பார்த்துத் தந்தால் உதவியாக இருக்கும். நான் ஊரை விட்டு வந்து நாளாகிவிட்டது. பல பெயர்கள் எனக்குப் பிடிபடவில்லை.

நானா அரூஸ்

---

மடவளை
20 செப்டெம்பர் 2024

நானா,

ஸலாமுடன் தொடங்குகிறேன். கோபத்துடன் முடிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

சண்டையைப் பற்றிய கடிதம் இல்லை என்று நீங்கள் எழுதியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சண்டையில் அடித்தவருக்கு மறந்துவிடுவது சுகம். வாப்பா மௌத்தான அன்று நீங்கள் ஃபோனில் சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருக்கிறது. "ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டு போன நீ? வீட்டிலயே வச்சீந்தா மண்ணாவது கெடச்சீக்குமே." அவருக்கு மூச்சு எடுக்க முடியவில்லை, நானா. உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். அந்த நிறத்தைக் கண்ட பிறகு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களுக்கு வந்திருக்குமா?

அந்த நாட்களில் கொவிட் என்று முடிவு வந்தால் எங்களுடைய மையித்தையும் எரித்தார்கள் என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டுதான் கொண்டுபோனேன். அவர் பிழைத்து வருவார் என்று நினைத்தேன்.

உங்கள் வேலையை என்னால் செய்ய முடியாது. வத்தேகமையில் பாமசி மூடி பஸ்ஸைப் பிடித்து வரும்போதே பாதி உயிர் போய்விடுகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். ஜனாஸாப் பக்கத்தை இத்தனை வருடமும் தன் வீட்டு மேசையில் இருந்து நடத்தியவர் சாஹுல் ஹமீது மாஸ்டர். அந்தப் பக்கத்தில் போடாத மௌத்தை இந்த ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். போட்டதை யாரும் சந்தேகிக்கவும் மாட்டார்கள். மற்றப் பக்கங்களை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அதை மட்டும் மாஸ்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

உம்மா நன்றாகத்தான் இருக்கிறார். சாப்பாடுதான் பறவைக்கு வைத்த அளவு.

நப்லா

---

தோஹா
3 நவம்பர் 2024

நப்லா,

முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். நேற்றுக் கண்டியில் ஒரு ஹொட்டேலில் திறப்பு விழா. தலைவர் பட்டனை அமுக்கினார். நான் இங்கிருந்து திரையில் பார்த்தேன். உன் மாப்பிள்ளை ரிஸ்கான் மச்சான் வந்திருந்தாராம், நல்ல சாப்பாடு என்று செய்தி அனுப்பினார். தளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நீ பார்க்காமல் இருப்பாய் என்பதால் சொல்கிறேன். இப்போது எல்லாம் ஒரே தளம். சஞ்சிகையின் பழைய இதழ்கள், மத்ரஸா அனுமதி, தொழுகை நேரம், எல்லாம். ஜனாஸாப் பகுதிக்குத்தான் நான் அதிகம் உழைத்தேன். ஒவ்வொருவரும் எந்த மையவாடியில் அடங்கியிருக்கிறார் என்று வரைபடத்தில் காட்டுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அந்த இடத்தைத் தொட்டு துஆக் கேட்கலாம். வருடம் திரும்பும்போது குடும்பத்தாருக்கு ஒரு நினைவுச் செய்தியும் போகும். உன் மகள் ஸனாவிடம் சொல்லி உம்மாவின் ஃபோனையும் பதிந்து வைத்திருக்கிறேன்.

மாஸ்டரைப் பற்றி நீ எழுதியிருந்தாய். இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன், ஃபோன் போகவில்லை. ஸாகியிடம் கேட்டேன். "அவருக்கு வயசு போய்ட்டு நானா, நீங்க செய்யுங்க" என்றார். பழைய அறிவித்தல்கள் அத்தனையையும் கையால் பார்க்க முடியாது. ஒரு புரோகிராம் எழுதி ஒரே இரவில் மாற்றினேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

இன்னொரு நல்ல காரியமும் செய்தேன். முன்பு ஆளுக்கொரு பாஸ்வேர்ட் வைத்துக்கொண்டு நினைத்தபடி மாற்றினார்கள். அதனால்தான் அந்தப் பெருநாள் குழப்பம். இனி ஒரே பாஸ்வேர்ட், அது செயலாளரிடம். எதை மாற்றுவதென்றாலும் நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் வேண்டும். என்னிடமிருந்ததையும் ஒப்படைத்துவிட்டேன்.

ஒருமுறை போய்ப் பார். வாப்பாவுடைய அறிவித்தலும் இருக்கும்.

அரூஸ்

---

மடவளை
12 டிசம்பர் 2024

நானா,

இன்று வாப்பாவின் வருட நாள். காலையில் உம்மா சமையலறைக்கு வந்து ஃபோனை நீட்டினார். கண்ணாடி போட்டிருந்தும் என்னை வாசிக்கச் சொன்னார். உங்கள் தளத்திலிருந்து வந்த செய்தி அது. "மடவளை ஜும்ஆப் பள்ளி மையவாடியில் அடங்கியிருக்கும் மர்ஹூம் ஸெய்னுலாப்தீன் அவர்களின் நினைவு நாள்." கீழே வரைபடம். சிவப்புப் புள்ளி.

நான் வாசித்து முடிக்கும்வரை உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்குத் தெரியும். அவங்க எரிச்சீக்க மாட்டாங்க" என்றார்.

நானா, நீங்கள் வாப்பாவின் அறிவித்தலை ஒருநாளாவது திறந்து பார்த்தீர்களா? பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. மாஸ்டர் எல்லா அறிவித்தலையும் ஒரே மாதிரித்தான் போடுவார். பெயர், தகப்பன் பெயர், தொழில், பிள்ளைகள், கடைசி வரியில் "அடக்கம்" என்று போட்டு இடமும் நேரமும். அந்த மாரிகாலம் எரிக்கப்பட்டவர்களுக்கு அவரால் எரித்தார்கள் என்று தட்டச்ச முடியவில்லை. பொய்யும் எழுத முடியவில்லை. "அடக்கம்" என்று போட்டு அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தார். அவ்வளவுதான். கோட்டைக் கண்டால் ஊரில் எல்லாருக்கும் விளங்கும். யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனது அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான்.

உங்கள் புரோகிராமுக்கு அந்தக் கோடு வெற்றிடமாகத் தெரிந்ததா? எங்களுக்கு வாப்பாவைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்டிருந்த ஒரே உண்மை அதுதான்.

நான் உம்மாவிடம் சொன்னேன், நானா பிழையாகப் போட்டிருப்பார் என்று. "மன்றம் ஜனாஸா விசயத்துல பிழை போடுமா? நீங்க கண்டீங்களா எரிச்சத? ரிஸ்கானும் பெட்டிய வேன்ல ஏத்தினதத்தானே கண்ட" என்றார். அது உண்மைதான். தகனசாலை வாசலோடு ரிஸ்கானைத் திருப்பிவிட்டார்கள். அந்த நாட்களில் யாரோ இரக்கப்பட்டு ஒன்றிரண்டு மையித்தை இரவில் அடக்கினார்கள் என்று ஊரில் ஒரு கதையும் ஓடியது. உம்மா அதை இத்தனை காலம் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. உங்களிடம் சொல்லத்தான் போகிறார். உடனே அதை எடுத்துவிடுங்கள். கோட்டைத் திரும்பப் போடுங்கள்.

நப்லா

---

தோஹா
16 டிசம்பர் 2024

நப்லா,

நீ சொன்னதுபோலவே உம்மா சொன்னார். "மகன், நீ செஞ்ச வேலையாலதானே எனக்கு இது தெரிய வந்த. அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்வான்" என்றார். நான் ஆமீன் என்றேன். வேறு என்ன சொல்ல? லைன் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

நான் அந்த அறிவித்தலைத் திறக்கவில்லை. நான்கு வருடமாகத் திறக்கவில்லை. வேலை செய்த மாதங்களில் எத்தனையோ தடவை அந்தப் பெயருக்குப் பக்கத்தில் போனேன். திறந்தால் எனக்கு அது நடந்ததாகிவிடும் என்று இருந்தது. இதற்கு மேல் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். வரைபடம் வேலை செய்ய எல்லா அறிவித்தலுக்கும் ஓர் இடம் வேண்டும். பழையதில் சிலவற்றில் இடம் எழுதப்படவில்லை. சோம்பலில் விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். இடம் இல்லாவிட்டால் அந்த ஊர் மையவாடியைப் போடு என்று நானே எழுதிக் கொடுத்தேன். வேறு எங்கே அடக்கியிருப்பார்கள், ஊரில்தானே. இங்கே இருந்துகொண்டு எனக்கு அப்படித்தான் தோன்றியது.

வாப்பா மட்டும் இல்லை. அந்த மாரிகாலத்தில் கோடு போட்ட அத்தனை பேருக்கும் இப்போது கபுறு இருக்கிறது.

அன்றே ஸாகிக்கு எடுத்தேன். மாற்றச் சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகு சொன்னார், "நானா, இப்ப எல்லாரும் அடங்கித்தானே ஈக்கிறாங்க. நல்லாத்தானே ஈக்கி. என்னத்துக்கு அதைக் கிண்டுற?" தலைவரிடம் பேசினேன். தூதரகங்கள்கூடப் பார்க்கிற தளமாம், கோடு கோடாக இருந்தால் அசிங்கமாம், அரசாங்கமே மன்னிப்புக் கேட்ட பிறகு நாங்கள் ஏன் அதைத் திறக்க வேண்டும் என்றார். எதற்கும் நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் வேண்டும் என்று என் விதியையே எனக்குச் சொன்னார்.

முன்பென்றால் மாஸ்டர் தன் மேசையிலிருந்து ஒரு நிமிடத்தில் திருத்தியிருப்பார். அதை நான்தான் நிறுத்தினேன்.

அரூஸ்

---

மடவளை
9 ஜனவரி 2025

நானா,

உம்மா மையவாடிக்குப் போய் வந்துவிட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. நான் பாமசியில் இருந்தேன். ரமேஸின் ஓட்டோவைக் கூப்பிட்டிருக்கிறார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பன்வில கறுப்பையாவின் மகன். வாப்பா அவர்களிடம்தான் கராம்பும் ஏலக்காயும் வாங்குவார். அவன்தான் இரவு வந்து என்னிடம் சொன்னான். "அம்மா உள்ள போக மாட்டேன், மதில்கிட்ட நிப்பாட்டுன்னு சொன்னாங்கக்கா. அழுவாங்கன்னு பாத்தா சிரிக்கிறாங்க. எனக்குப் பயமாப் போச்சு."

பெண்கள் உள்ளே போகிற வழக்கம் இல்லை என்பதால் மதிலுக்கு வெளியே நின்று, பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினாரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். ஃபோனைத் திறந்து சிவப்புப் புள்ளியைக் காட்டியிருக்கிறார். மோதினார் அந்த மாரிகாலம் எங்களுடன் இருந்தவர். வாப்பாவுக்கு என்ன நடந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஜம்பு மரத்தடியில் கல் இல்லாத ஒரு கபுறைக் காட்டிவிட்டார்.

அடுத்த நாள் பள்ளிவாசல் படியில் அவரைப் பிடித்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "நான் என்னத்தச் செய்ய மகள்? மன்றமே போட்டீக்கே. அவங்க கேட்ட கேள்விக்கு என்ட வாய் தொறக்கல்ல" என்றார். எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. அது யாருடைய கபுறோ. அந்த மண்ணுக்கு உரிய பிள்ளைகளும் இந்த ஊரில் எங்கேயாவது இருப்பார்கள்.

இப்போது உம்மா அந்தக் கபுறின் தலைமாட்டில் மீசான் கல் வைக்கப் போகிறேன் என்கிறார். கல் வெட்டுகிறவரிடம் ரிஸ்கானை அனுப்பச் சொல்கிறார். ரிஸ்கான் சந்தைக்கடையில் வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறார். எத்தனை நாளைக்கு?

வேறொருவருடைய கபுறில் வாப்பாவின் பெயரை நட்டால் அது என்ன பாவமோ தெரியாது. கல் வருமுன் ஏதாவது செய்யுங்கள். தளம் மாறினால்தான் நான் சொல்வது அவர் காதில் ஏறும். எங்கள் பேச்சை விட மன்றத்தின் பக்கத்தைத்தான் அவர் நம்புகிறார்.

நப்லா

---

தோஹா
15 ஜனவரி 2025

நப்லா,

செய்துகொண்டிருக்கிறேன். நிர்வாகத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். பாதிப் பேர் பதில் போடவில்லை. ஒருவர் தொழுகை நேரம் தவறாக இருக்கிறதே அதை முதலில் பார் என்று எழுதினார்.

மாஸ்டரை ஒருவழியாகப் பிடித்தேன். ஃபோன் பழுதாம், திருத்திக் கொடுக்க ஆளில்லையாம். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். கடைசியில், "கூட்டத்துக்கு நான் போறேன்" என்றார். கோடு போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் அன்று நேரில் போய், கேட்டுவிட்டுத்தான் போட்டாராம். எங்கள் வீட்டில் அவருக்குத் தலையாட்டியது நீயாம். எனக்கு அது தெரியாது.

25ஆம் திகதி சனிக்கிழமை கூட்டம். திருத்தாவிட்டால் என் பெயரைத் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள், நான் ஊருக்கெல்லாம் எழுதுவேன் என்று தலைவருக்குச் சொல்லிவிட்டேன். இந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்து முடிக்கிறேன். அன்று ஃபோனில் சொன்ன சொல்லை என்னால் திரும்ப எடுக்க முடியாது. இதையாவது எடுக்கிறேன்.

அரூஸ்

---

மடவளை
25 ஜனவரி 2025

நானா,

இதை வேலைக்குப் போகாமல் இருந்து எழுதுகிறேன். கூட்டம் இன்று என்று தெரியும். அதற்கு முன் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். உங்கள் நம்பருக்கு எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

விட்டுவிடுங்கள்.

நான்தான் கேட்டேன், நான்தான் வேண்டாம் என்கிறேன். வேண்டுமானால் ஏசுங்கள். நேற்று உம்மா இரண்டாம் தரம் சோறு போடச் சொன்னார். மீன் நன்றாக இருக்கிறது என்றார். அவர் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லி எவ்வளவு காலம். இரவில் நன்றாகத் தூங்குகிறார். சுபஹுத் தொழுகைக்கு நான் போய் எழுப்ப வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் அந்த நேரம் தொழுகிற முஸல்லாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நேற்று என்னைப் பக்கத்தில் இருத்தி ஒன்று சொன்னார். "நீ அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதுக்கு நான் ஒருநாளும் உன்னோட கோவிக்கல்ல மகள். ஆனா நெருப்ப நெனச்சா உன்ட முகத்தப் பார்க்க ஏலாம ஈந்த. இப்ப ஏலும்." சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தடவினார்.

நானா, அவர் நான்கு வருடமாக என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். உங்களை நான் தடுத்து வைத்ததுபோல அவர் என்னை வைத்திருந்திருக்கிறார், ஒரே வீட்டுக்குள். அதை எனக்கு ஒரு பொய்தான் திறந்து தந்தது. எனக்கு அந்தப் பொய் வேண்டும். பாவமென்றால் என் கணக்கில் எழுதட்டும். மோதினாருடன் பேசி அந்தக் கபுறு யாருடையதென்று தேடி அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கல்லை எப்படியாவது தள்ளிப்போடுகிறேன்.

கூட்டத்தில் ஒன்றும் பேச வேண்டாம் என்று மாஸ்டருக்கும் சொல்லுங்கள்.

நப்லா

---

தோஹா
26 ஜனவரி 2025

நப்லா,

உன் கடிதத்தை நேற்றுப் பின்னேரம்தான் பார்த்தேன். கூட்டம் தொடங்கியதிலிருந்து நான் திரையில் அவர்களோடு இருந்தேன். ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டேன், குழப்பம் வேண்டாமென்று. ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

மாஸ்டர் எழுந்து பேசினார். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. கோடு போட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், அவ்வளவுதான். அவரிடம் எழுதி வைத்த ஒன்றும் இல்லை, வாயிலிருந்துதான் சொன்னார். வாப்பாவின் பெயர் வந்தபோது நான் கமெராவை மூடிவிட்டேன். தலைவர்கூட வாதாடவில்லை. அந்த இடத்திலேயே ஸாகி திருத்தினார். எல்லாருக்கும் கோடு திரும்பியது. நான் அழுதேன். முதல்முறையாக வாப்பாவுக்கு ஒன்று செய்துவிட்டேன் என்று நினைத்துத்தான் அழுதேன். பிறகுதான் உன் கடிதத்தைத் திறந்தேன்.

உடனே ஸாகிக்கு எடுத்தேன். வாப்பாவுடையதை மட்டும் பழையபடி மாற்று, ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. களைத்துப்போன மாதிரிச் சொன்னார், "நானா, நீங்கதானே சண்டை பிடிச்சு மாத்தச் சென்ன. இனி தீர்மானம் இல்லாம என்னால ஏலா. அடுத்த கூட்டம் பெருநாளைக்குப் பொறகு." தலைவர் ஃபோனை எடுக்கவில்லை. மாஸ்டரிடம் கேட்க எனக்கு முகமில்லை.

உம்மா தினமும் அந்தப் பக்கத்தைத் திறக்கிறாரா? ஸனாவிடம் சொல்லி ஃபோனிலிருந்து அதை எடுக்க முடியுமா? வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அரூஸ்

---

மடவளை
30 ஜனவரி 2025

நானா,

எடுக்க முடியவில்லை. உங்கள் கடிதம் வருமுன்பே அவர் பார்த்துவிட்டார். சுபஹு தொழுதுவிட்டு முதலில் திறப்பது அதைத்தான்.

நான் பயந்தது வேறு. அழுவார், விழுவார், என் முகத்தைப் பார்ப்பதை மறுபடியும் நிறுத்துவார் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நிதானமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிவப்புப் புள்ளி இருந்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார்.

"அவர எங்க மாத்திட்டாங்க?" என்று கேட்டார்.

அவராகவே சொன்னார். "ஓட்டமாவடிக்குத்தான் கொண்டு போயீப்பாங்க. பொறகு எல்லாரையும் அங்கதானே கொண்டு போன." வாப்பா மௌத்தாகிச் சில மாதம் கழித்துத்தான் அடக்க அனுமதி கிடைத்தது, அதுவும் அந்தத் தூர இடத்தில் மட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். உம்மா இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். இங்கே இரக்கப்பட்டு அடக்கினவர்கள், சட்டம் வந்ததும் பயந்து தோண்டி எடுத்து அங்கே கொண்டுபோய்விட்டார்களாம். "அவ்வளவு தூரம் தனியாப் போயீக்கிறார். ஒரு சலாம் செல்ல ஆளில்ல" என்றார். நான் இல்லை உம்மா என்று தொடங்கினேன். என் வாயில் கையை வைத்து மூடிவிட்டார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான்.

இரண்டு நாளாகப் பழைய தோல் பையில் உடுப்பு அடுக்குகிறார். ரமேஸிடம் வேன் கேட்டிருக்கிறார். "அம்புட்டுத் தூரம் போக நா ரெடிங்கக்கா, ஆனா அங்க போயி எதத் தேடுறது?" என்று அவன் என்னிடம் கேட்கிறான். ஓட்டமாவடியில் ஒவ்வொரு கபுறுக்கும் இலக்கம் இருக்கிறதாம். அந்த இலக்கத்தை உங்களிடம் கேட்டுச் சொல்லச் சொல்கிறார். தளத்தைச் செய்தது நீங்கள்தானே, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது என்கிறார்.

மோதினாரிடம் போனேன், மாஸ்டரிடம் போனேன். இரண்டு பேரும் வந்து உம்மாவின் முன்னால் உட்கார்ந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். எழுந்து போனார்கள். ஒருவராலும் வாய் திறக்க முடியவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன், நானா. இனி எப்போதும் எடுக்கலாம். அன்று சொன்ன சொல்லுக்காக உங்களுடன் எனக்கு இப்போது சண்டை இல்லை. சண்டை பிடிக்கவும் ஒரு தெம்பு வேண்டுமே.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து நீங்கள் எடுப்பீர்கள் என்று உம்மா ஃபோனை இப்போதே சார்ஜில் போட்டிருக்கிறார். இலக்கத்தைக் குறித்துக்கொள்ள என் பாமசிப் பேனாவையும் வாங்கி வைத்திருக்கிறார். வழமைபோல நான்தான் ஃபோனை அவர் கையில் கொடுப்பேன். கொடுத்துவிட்டு இந்த முறை பக்கத்தில் நிற்க மாட்டேன், கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

நப்லா